வட்டமில்லாத தேதி

முதலில் வருவது வலி இல்லை.
எம்.சி. ரோட்டில், இரண்டாவது மாடியில்,
நாற்பது டியூப்லைட்டுக்குக் கீழே
ஒருத்திக்குச் சேலை விரித்துக்கொண்டிருக்கும்போது
அவள் மூக்கில் பாதி காணாமல் போகும்.
அந்த இடத்தில் ஒரு கோபுரக் கரை,
சேலையே இல்லாத வெறும் கரை,
மினுக்கி மினுக்கி வளரும்.
இருபது நிமிஷம் இருக்கிறது என்று அர்த்தம்.
அதற்குள் மடித்து வைத்துவிட வேண்டும்.

பிறகு இடது பக்கம்.
கண்ணுக்குப் பின்னால் வாடகை தராமல் குடியிருக்கும் யாரோ
ஆணி அடிக்கிறார்கள்.
பதினோரு வருஷமாக அடித்தும்
இன்னும் ஒரு படம்கூட மாட்டவில்லை.

சைனஸ் என்றார்கள், ஆவி பிடித்தேன்.
பவர் என்றார்கள், கண்ணாடி போட்டேன், கழற்றினேன்.
திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள்,
அந்த நெடியில் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை.
தனக்கு வந்தால்தான் தெரியும் என்ற பழமொழியை
என்னிடமே சொன்னாள் என் ஓரகத்தி,
அவளுக்கு வந்த காய்ச்சலைப் பற்றி.

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கும்.
மணலிப் பக்கமிருந்து காற்று வீசும்.
கூட்ஸ் வண்டி போய்க்கொண்டே இருக்கும்;
பெட்டிகளை எண்ணக்கூடாது, எண்ணினால் குமட்டும்.
கேட்டுக்கு இந்தப் பக்கம் மெடிக்கல்.
ஜெபக்குமார் என் முகத்தைப் பார்த்ததும்
கேட்காமலே கத்தரியால் நாலு வெட்டித் தருவான்.
காலையில் ஒன்று, வலிக்குமே என்று.
ராத்திரி ஒன்று, வலித்ததே என்று.
நடுவில் ஒன்று, எதற்கும் இருக்கட்டும்.

ஸ்டான்லியில் எனக்கு முன்னால் நூறு பேர்.
அந்த டாக்டருக்கு என் தங்கை வயதுதான் இருக்கும்,
கொட்டாவியை அடக்கிக்கொண்டு
"பையில இருக்கிறதைக் கொட்டுங்க" என்றாள்.
காலி அட்டைகள் மேஜைமேல் சரசரத்தன.
ஒவ்வொரு குழியாகப் பேனாவால் தொட்டு எண்ணினாள்.
எழுபத்து மூன்று. ஒரு மாதத்துக்கு.
"ஒத்தைத் தலைவலி மாசத்துல நாலு தடவைதாம்மா வருது.
மிச்ச நாள் வலிக்கிறது இந்த மாத்திரையால.
நிறுத்தணும்."
சிரித்துவிட்டேன்.
சிரித்தாலும் வலிக்கும் என்பதை மறந்து.
ராத்திரிக்கு மட்டும் வேறொரு சின்ன மாத்திரை எழுதினாள்,
வலித்த தேதிக்கெல்லாம் காலண்டரில் வட்டம் போடச் சொன்னாள்.

நிறுத்தினேன்.
முதல் நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
மூன்றாம் நாள் டில்லிபாபுவைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன்,
அவர் செய்த குற்றம் வெங்காயம் நறுக்கியது.
அவர் கடிகாரத்தைச் சுவரிலிருந்து இறக்கி
அரிசி டிரம்முக்குள் வைத்தார்.
விடியற்காலை ஹார்பருக்குக் கிளம்பும்போது
பைக்கை ஸ்டார்ட் பண்ணாமல்
பிளாக்கைத் தாண்டி, தண்ணித் தொட்டியைத் தாண்டி,
மெயின் ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாராம்.
எதிர்வீட்டு ஷகிலா பின்னால் சொல்லித்தான் தெரியும்.
அவளும் அத்தனை நாளும் சீரியலைச் சத்தமில்லாமல் பார்த்தாள்.
உதட்டசைவை வைத்தே
யார் யார் குடியைக் கெடுத்தார்கள் என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

அடகுக்கடைக்காரர் கொடுத்த காலண்டர்.
வட்டம், வட்டம், வட்டம்,
பேனா அழுந்திக் கிழிந்த ஒரு வட்டம்.
பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை
நேற்றைக்குப் போட மறந்துவிட்டோமே என்று
பேனாவோடு போய் நின்றேன்.
நேற்றை நினைத்துப் பார்த்தேன்.
குழம்பில் உப்புக் குறைந்தது, நினைவிருக்கிறது.
சின்னவள் ரப்பரைத் தொலைத்தது நினைவிருக்கிறது.
தலை நினைவில்லை.

கரை இன்னும் வருகிறது.
இந்த மாதம் மூன்று தடவை வந்தது.
வந்தால் ஸ்டாக் ரூமில் விளக்கணைத்துப் படுத்துக்கொள்கிறேன்,
முதலாளி முறைத்துப் பழகிவிட்டார்.
போய்விடும் என்று இப்போது தெரியும்.
போன பிறகு அங்கே
யாரும் குடியிருப்பதில்லை.

நேற்று சாயங்காலம் கேட் மூடியிருந்தது.
மணலிக் காற்று, லாரிப் புகை, எல்லாம் அப்படியே.
கூட்ஸ் வண்டி போனது.
எண்ணினேன்.
ஐம்பத்தெட்டு, கடைசிப் பெட்டி சேர்க்காமல்.
பின்னாலிருந்து ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்,
"யக்கா, கேட்டு தொறந்து எம்மா நேரமாச்சு!"
ஹாரன் சத்தம் காதுவரை வந்து
அங்கேயே நின்றுவிட்டது.